காயவைக்க வந்த படகு

சித்திரை பதினாறு. சிப்காட் மூன்றாம் கட்டம்.
மினி லாரியிலிருந்து தலைகீழாக இறங்கியது அது.
வாட்ச்மேன் கோட்டீஸ்வரன் கேட்டான்:
"இன்னாம்மா இது, பாலாத்துல வுடறதுக்கா?"

எங்கள் பக்கத்தைக் கேலி பேச ஒரு பழைய பட்டியல் உண்டு.
ஆறு உண்டு, நீர் இல்லை.
கோட்டை உண்டு, ராஜா இல்லை.
கடைசி வரியாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்:
பந்தயப் படகு உண்டு.

நான் அமிலத் தொட்டி செய்கிறவள்.
தோல் ஷாப்புக் கழிவு தின்னாத சுவரை
கண்ணாடி நாரும் பிசினும் அடுக்கி எழுப்பத் தெரியும்.
அசையாமல் நிற்பதுதான் என் சரக்கின் பெருமை.
காற்றில் ஓடும் ஒன்றை
அதுவரை தொட்டதில்லை.

ராயபுரத்திலிருந்து ஃப்ளேவியா போனில்:
"மிதவையைச் சுற்றி எல்லாரும் திரும்புகிறார்கள் அக்கா,
நான் மட்டும் மாட்டு வண்டி மாதிரி திரும்புகிறேன்.
உடம்புக்குள் தண்ணீர் போயிருக்கிறது.
கடலோரக் காற்றில் அது காயவே காயாது.
உங்கள் ஊரில் வெயில் இருக்கிறதாமே?"

இருக்கிறதாமே!

பழைய இரும்புக் கடைத் தராசு சொன்னது
அறுபத்தெட்டு கிலோ நானூறு.
பந்தயத்தில் அனுமதிக்கும் குறைந்த எடை அறுபத்தொன்று.
மிச்சம் ஏழு கிலோ சொச்சம் கடல்,
டேங்கர் லாரிக்குக் குடம் வரிசை போடும் தெருவுக்கு
யாரும் கேட்காமல் வந்து சேர்ந்திருந்தது.

காயமில்லாத இடத்தில் துளைபோடக் கை கூசியது.
போட்டேன், இரண்டு.
சொட்டியதை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பு.

பிறகு அக்னி நட்சத்திரம்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, ஒருநாள் நாற்பத்துமூன்று.
ஊர் முழுக்கத் திட்டியது.
நான் மட்டும் தகரக் கொட்டகைக்கு வெளியே
படகைப் புரட்டிப் புரட்டிப் போட்டேன்,
வடகம் காயவைக்கிறவள் போல,
காக்கை விரட்டும் வேலை மட்டும் இல்லாமல்.

இடையில் பாய் மேல்விஷாரம் போய் வந்தது.
ஷூ மேல்தோல் தைக்கும் மெஷினில்
கிழிந்த ஓரத்தை ஓட்டிக் கொடுத்த நூருன்னிசா கேட்டாள்,
"இவ்வளவு பெரிய கால் யாருக்கு?"

பித்தளைக் கப்பிகளைக் கழற்றினேன்.
ஃப்ளேவியா அனுப்பிய புதியவை
மூக்குத்தி டப்பாவில் வைக்கலாம் போலிருந்தன.
இழுத்தால் நீளாத கயிறு,
நானூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு என்று
உப்புத்தாள் தேயத் தேய
அடிப்பக்கத்தில் என் முகம் வந்தது,
வியர்வையோடு.

துளைகளை மூடியபின் பஞ்சர் கடை வித்தை:
சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று,
மேலெல்லாம் சோப்பு நுரை.
நடுப்பலகை இறங்கும் பெட்டியின் மூலையில்
கடுகளவு குமிழ் ஒன்று
வந்தது, உடைந்தது, வந்தது.
அவ்வளவுதான் வழி.
ஏழு கிலோவும் அதில் நுழைந்திருக்கிறது,
எட்டாவது இடமும்
ஒன்பதாவது இடமும்.

அடைத்துவிட்டு மறுபடி தராசு.
அறுபது கிலோ நூறு.

"ஐயோ அக்கா! அறுபத்தொன்றுக்குக் கீழே போனால்
சேர்க்கவே மாட்டார்கள். ஈயம் வையுங்கள்!"

வெயிலைப் புகழ்ந்ததில்
அது கொஞ்சம் அதிகமாகவே உழைத்துவிட்டது.
வாலாஜா டோல்கேட் பக்கம்
லாரிச் சக்கரத்துக்குச் சமன்கட்டும் கடையில்
தொள்ளாயிரம் கிராம் ஈயம் வாங்கி
பாய்மரத்தின் காலடியில் முடுக்கினேன்.
எந்தெந்த லாரியில் உருண்ட ஈயமோ,
இனி அது காசிமேட்டுக்கு அப்பால் சாயும், நிமிரும்.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு,
பிசின் பீப்பாயைத் திறந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது:
"மூணாவது."
படம் எதுவும் இல்லை.
கோட்டீஸ்வரனிடம் காட்டினேன்.
"அதுக்குள்ள இருந்த தண்ணி
இன்னாதான் ஆச்சும்மா?"

மேலே கை காட்டினேன்.
இருவரும் பார்த்தோம்.
வெள்ளை வெளேரென்று கிடந்தது வானம்.
"நம்ம ஊர்லயேதான் கீதுன்னு சொல்லு" என்றான்,
கேட்டைத் திறக்கப் போனான்,
டேங்கர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.